முகப்பூச்சும் மூர்ச்சையும்

உலகியலில் நின்றுகொண்டே அறநெறியில் செல்ல விழையும் இல்லறத்தாருக்குப் பெரும் பாவங்களை இனங்காண்பது எளிது. கொலையும் பொய்யும் களவும் தீயவை என்பதில் எவருக்கும் ஐயம் எழுவதில்லை. ஐயம் எழுவதெல்லாம் சிறு பொருள்களிடத்தில்தான். நாள்தோறும் கையில் எடுத்து, மேனியில் தடவி, எண்ணிப் பாராமலேயே திரும்ப வைத்துவிடும் பொருள்கள் நம் இல்லங்களில் எத்தனையோ உள்ளன. அவற்றைப் பற்றி ஆராய்வது வேண்டாத வேலை என்றே பலரும் கருதுவர். ஆயினும் ஆராயாமல் கொண்டது பழக்கமாகிறது. பழக்கம் பற்றாக முதிர்கிறது. பற்று வினைக்கட்டுக்கு வாயிலாகிறது என்பது ஆன்றோர் காட்டிய உண்மை.

அத்தகைய சிறு பொருள் ஒன்றை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். வறண்ட தோலுக்கு ஈரப்பசை அளிப்பதற்கென்று விற்கப்படும் விலை மிகுந்த முகப்பூச்சே அது. மாய்ஸ்சரைசர் என்றும் கிரீம் என்றும் வழங்கும் இப்பூச்சு, ஒரு தலைமுறைக்கு முன்பு நம்மவர் இல்லங்களில் அரிதாகவே காணப்பட்டது. 1991ஆம் ஆண்டில் நாட்டின் பொருளாதாரக் கதவுகள் அகலத் திறந்தன. 1994ஆம் ஆண்டில் உலக அழகிப் பட்டமும் பிரபஞ்ச அழகிப் பட்டமும் இந்தியப் பெண்டிர் இருவருக்குக் கிடைத்தன. அதன் பின்னர் அயல்நாட்டு ஒப்பனைப் பொருள்கள் நம் நகரத்துக் கடைகளில் வரிசை வரிசையாக இடம் பிடித்தன. இன்று உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிமிழ் பத்தாயிரம் ரூபாயைத் தாண்டி விற்பதும் உண்டு. அயலில் பணிபுரியும் மகனோ மகளோ விடுமுறைக்கு வரும்போது, பெற்றோர்க்கென்று அன்போடு எடுத்து வரும் பொருள்களில் அதுவும் ஒன்றாகிவிட்டது.

வறண்ட தோலுக்கு மருந்திடுவது தவறா? தவறன்று எனில், அவ்வளவு விலை கொண்ட சிமிழும் மருந்துதானா? மருந்து எங்கே முடிகிறது, போகம் எங்கே தொடங்குகிறது? இவ்வினாக்களுக்கு அவசரமின்றி விடை காண முயல்வோம்.

உடல் பகையா, கருவியா?

எப்பூச்சும் வேண்டா என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம் என்று சிலர் எண்ணக்கூடும். திகம்பர முனிவர்க்கு உரிய இருபத்தெட்டு மூலகுணங்களில் நீராடாமையும் ஒன்று. நீரே ஆடாதவர்க்குப் பூச்சு ஏது? பன்னிரண்டு அநுப்பிரேட்சைகளுள் உடலின் தூய்மையின்மையைச் சிந்திப்பதும் ஒன்றாக வைக்கப்பட்டுள்ளது. நாலடியாரிலும் அதே பொருளில் ஓர் அதிகாரம் அமைந்துள்ளது. இவற்றையெல்லாம் காட்டி, தோலைப் பேணுவதே அறியாமை என்று வாதிடுவோரும் உளர்.

ஆனால் முனிவர்க்கு விதித்ததை இல்லறத்தார் தலையில் அப்படியே ஏற்றுவது நெறியன்று. அவரவர் நிலைக்கேற்ப மகாவிரதம் என்றும் அணுவிரதம் என்றும் பகுத்தமைத்தது நம் மரபு. உடலின் இயல்பைச் சிந்திப்பதும் அதன்பால் உள்ள மயக்கத்தை அறுப்பதற்கே ஆகும்; உடலை வெறுத்து வதைப்பதற்கன்று. சமந்தபத்திர ஆசாரியரைப் பற்றி மரபில் வழங்கும் வரலாறு இங்கு நினைக்கத்தக்கது. தீராப் பசியை உண்டாக்கும் பஸ்மக நோய் அவரைப் பற்றியபோது, உணவு துறந்து உயிர் நீக்க அவர் ஆசானிடம் அனுமதி வேண்டினாராம். ஆசானோ இசையாமல், முதலில் நோயைத் தீர்த்துக்கொள், உன்னால் அறத்திற்கு ஆக வேண்டிய பணி இன்னும் உண்டு என்று கூறி அனுப்பினாராம். துறவின் கடுமையை நன்கறிந்த அந்த ஆசானே, உடல் அறத்தின் கருவி என்பதையும் அறிந்திருந்தார்.

வறண்ட தோல் என்பது வெறும் அழகுக் குறையன்று. முதியோர்க்கு அது பெருந்துன்பம். மார்கழி, தை மாதங்களில் வந்தவாசி, திருவண்ணாமலைப் பகுதிச் சிற்றூர்களில் பனியும் வறண்ட காற்றும் சேர்ந்து, முதியவர்களின் கணுக்காலையும் குதிகாலையும் பிளந்துவிடுகின்றன. அரிப்பெடுக்கிறது, சொறிந்தால் புண்ணாகிறது, புண்ணில் சீழ் கோக்கிறது. இத்துன்பத்தோடு நாற்பத்தெட்டு நிமிடச் சாமாயிகத்தில் அமர்பவரின் மனம் ஆன்மாவை நாடுவதற்குப் பதிலாக முழங்காலுக்குக் கீழேயே சுற்றிக்கொண்டிருக்கும். அத்துன்பத்தைத் தணிக்கும் பூச்சு மருந்தேயாம். அதை மறுக்க எந்நூலும் நம்மைப் பணிக்கவில்லை.

தோல் கேட்பது என்ன?

மருந்தின் அளவை அறிய வேண்டுமாயின், நோயின் இயல்பை அறிய வேண்டும். நம் தோலின் மேற்பரப்பு இறந்த உயிரணுக்கள் அடுக்கடுக்காகப் படிந்த ஒரு படலம். உள்ளங்கை, உள்ளங்கால் நீங்கலாகப் பெரும்பாலான இடங்களில் அது தலைமயிரின் பருமனினும் மெல்லியது. அந்த உயிரணுக்களைச் செங்கற்களாகவும், அவற்றிடையே உள்ள கொழுப்புப் பொருள்களைச் சாந்தாகவும் உவமித்துக் கூறுவர் அறிவியலார். செராமைடு, கொலஸ்டிரால், கொழுப்பமிலங்கள் ஆகியவை அச்சாந்தின் கூறுகள். சாந்து உறுதியாக இருக்கும்வரை உள்ளிருக்கும் நீர் எளிதில் ஆவியாகாது. முதுமையும், குளிரும், சுடுநீர்க் குளியலும், காரம் மிகுந்த சவர்க்காரமும் அச்சாந்தை அரிக்கின்றன. நீர் வெளியேறுகிறது, படலம் விறைத்து வெடிக்கிறது.

1952ஆம் ஆண்டில் இர்வின் பிளாங்க் என்னும் அமெரிக்க ஆய்வாளர் எளியதொரு சோதனையின் முடிவை வெளியிட்டார். காய்ப்பேறிய தோலிலிருந்து எடுத்த உலர்ந்த துண்டுகளை அவர் எண்ணெய்களில் ஊற வைத்தார். அவை விறைப்பாகவே இருந்தன. நீரை ஏற்றதும் அவை மென்மையாயின. ஆகவே தோல் வேண்டி நிற்பது நீரையே. எண்ணெயின் பணி, உள்ளே இருக்கும் நீர் வெளியேறாமல் காவல் காப்பது. குளித்து முடித்து, ஈரம் முற்றிலும் உலர்வதற்கு முன்பே பூச்சைத் தடவ வேண்டும் என்று மருத்துவர் கூறுவதன் காரணம் இதுதான்.

எத்தனை விலை உயர்ந்த பூச்சாயினும் அது செய்யும் பணி மூன்றினுள் அடங்கும். நீரை ஈர்த்துப் பிடித்துக்கொள்ளுதல் ஒன்று. சொரசொரப்பை நிரப்பி மென்மையாக்குதல் மற்றொன்று. மேலே படலமாக நின்று நீரைத் தடுத்தல் மூன்றாவது. முதற்பணிக்குப் பெயர்பெற்ற கிளிசரினை 1779ஆம் ஆண்டில் கார்ல் ஷீலே கண்டறிந்தார். மூன்றாம் பணியில் மிகச் சிறந்து நிற்கும் பெட்ரோலியம் ஜெல்லிக்கு 1872ஆம் ஆண்டில் ராபர்ட் செஸ்பரோ அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். அதற்கும் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, கி.பி. இரண்டாம் நூற்றாண்டில், ரோமப் பேரரசின் மருத்துவர் காலென் தேன்மெழுகையும் ஆலிவ் எண்ணெயையும் பன்னீரையும் குழைத்துக் குளிர்ப்பூச்சு செய்திருந்தார். நம் நாட்டிலோ நல்லெண்ணெயும் தேங்காயெண்ணெயும் அப்பணியை ஆற்றி வந்தன. 2004ஆம் ஆண்டில் பிலிப்பைன்ஸ் மருத்துவர்கள் வறண்ட தோல் கொண்ட 34 பேரிடம் தேங்காயெண்ணெயையும் கனிம எண்ணெயையும் ஒப்பிட்டு ஆராய்ந்து, இரண்டும் ஏறத்தாழ ஒத்த பயனே தந்தன என்று அறிவித்தனர்.

இவற்றுள் எதுவும் கிடைத்தற்கரிய பொருளன்று. விலை மிகுந்த சிமிழ்களின் மேலுறையில் உள்ள பட்டியலைப் படித்தால் நீர், கிளிசரின், எண்ணெய் வகைகள் ஆகியவையே முன் நிற்கக் காணலாம். எடை மிகுந்தது முதலில் வருமாறு அப்பட்டியல் அமைக்கப்படுகிறது. நூற்றில் ஒரு பங்குக்கும் குறைந்தவற்றை எவ்வரிசையிலும் எழுதலாம். விளம்பரத்தில் பெரிதாகப் பேசப்படும் அரிய மலரும் கடற்பாசியும் பல நேரங்களில் அந்தக் கடைசி வரிகளில்தான் இருக்கின்றன. எஞ்சிய விலை நறுமணத்திற்கும், தடவும்போது தோன்றும் மென்மைக்கும், கண்ணாடிச் சிமிழுக்கும், விளம்பரத்திற்கும் உரியது.

சிமிழில் மறைந்த உயிர்கள்

விலையைப் பற்றிப் பேசுவதற்கு முன்பு கேட்க வேண்டிய வினா ஒன்று உண்டு. இது எவ்வுயிரிலிருந்து வந்தது? உணவுப் பொட்டலத்தில் பச்சைப் புள்ளி உள்ளதா என்று தேடிப் பார்க்கும் நாம், தோலில் தடவுவதை அவ்வாறு பார்ப்பதில்லை. வாய்வழியே செல்லாததால் குற்றமில்லை என்ற எண்ணம் நம்மிடையே பரவியுள்ளது. பொருளை உண்டாலும் பூசினாலும், அதற்காக வதைபட்ட உயிரின் துன்பம் ஒன்றே.

லனோலின் என்பது ஆட்டு உரோமத்தில் படிந்துள்ள மெழுகு. 1882ஆம் ஆண்டில் ஜெர்மனியில் அதைத் தூய்மையாக்கும் முறை கண்டறியப்பட்டது முதல் தோல் பூச்சுகளில் அது பெருவழக்காயிற்று. ஸ்குவாலீன் என்பதை 1906ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆய்வாளர் சுஜிமோட்டோ சுறாமீனின் ஈரலெண்ணெயில் கண்டார். அதற்காக ஆழ்கடற் சுறாக்கள் பெருமளவில் கொல்லப்பட்டன. இன்று ஆலிவ் எண்ணெயிலிருந்தும் கரும்பிலிருந்தும் அதைப் பெறும் வழி உண்டு. கொலாஜன் மாட்டுத் தோலிலிருந்தோ மீனிலிருந்தோ எடுக்கப்படுகிறது. தேனும் தேன்மெழுகும் நாம் நன்கறிந்தவையே. மதுவையும் புலாலையும் போலத் தேனையும் விலக்குதல் சிராவகரின் முதற்கடமைகளில் ஒன்று. கிளிசரினும் ஸ்டியரிக் அமிலமும் தாவர எண்ணெயிலிருந்தும் வரலாம், விலங்கின் கொழுப்பிலிருந்தும் வரலாம். மேலுறையில் அப்பெயர்கள் மட்டுமே இருக்கும், மூலம் இராது.

பொருளில் உயிர்ப்பகுதி இல்லையெனினும், அதைச் சோதித்த முறையில் வதை இருந்திருக்கக்கூடும். 1944ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஜான் டிரெய்ஸ் வகுத்த முறைப்படி, முயல்களின் கண்ணிலும் தோலிலும் பொருள்களை இட்டு எரிச்சலை அளந்தனர். ஐரோப்பிய ஒன்றியம் அவ்வாறு விலங்குகளிடம் சோதித்த ஒப்பனைப் பொருள்களின் விற்பனையை 2013ஆம் ஆண்டில் முற்றிலும் தடை செய்தது. இந்தியா 2014ஆம் ஆண்டில் சோதனையையும், அவ்வாறு சோதித்தவற்றின் இறக்குமதியையும் தடை செய்தது. அறவோர் மகிழத்தக்க செய்தி இது.

உரோமத்தைக் கத்தரிப்பது கொலையாகுமா என்று கேட்போர் உளர். இங்கு ஒருதலையாக முடிவு கூறாமல் பல நோக்கிலும் காண்பது அநேகாந்த நெறி. கத்தரிப்பதால் ஆடு இறப்பதில்லை என்பது ஒரு நோக்கு. அதே ஆடு பின்னர் இறைச்சிக்கூடத்திற்கு அனுப்பப்படுவதால் உரோமத்தை வாங்குவோரும் அத்தொழிலைத் தாங்குகின்றனர் என்பது மற்றொரு நோக்கு. திகம்பர முனிவர் கையில் ஏந்தும் பிஞ்சியின் தோகை மயில் தானே உதிர்த்தது. உதிர்த்ததைப் பொறுக்குவதற்கும் பறிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை நம் முன்னோர் எவ்வளவு நுட்பமாக உணர்ந்திருந்தனர் என்பதற்கு அத்தோகையே சான்று. லனோலின் உதிர்ந்ததன்று என்பதை மட்டும் இங்கே குறித்து, முடிவை அவரவர் விரதத்திற்கு விடுகின்றோம்.

இந்த நோக்கில் ஆராய்ந்தால், விலை குறைந்த பெட்ரோலியம் ஜெல்லியும் தேங்காயெண்ணெயும் ஐயத்திற்கு இடமின்றித் தேறிவிடுகின்றன. அவற்றில் விலங்கின் பகுதி ஏதுமில்லை. அவற்றை உண்டாக்கும் தொழிலிலும் ஆரம்ப ஹிம்சை உண்டெனினும், இயங்கும் உயிர்க்கு எண்ணித் துன்பமிழைக்கும் சங்கற்ப ஹிம்சை அவற்றில் இல்லை.

இருபத்தொரு நாள் சோதனை

இவ்வாறு எண்ணிக்கொண்டிருந்த காலத்தில் நம் இல்லத்திற்கும் அத்தகைய சிமிழ் ஒன்று அயல்நாட்டிலிருந்து அன்பளிப்பாக வந்தது. அதில் சேர்ந்துள்ள கிளிசரினும் ஸ்குவாலேனும் தாவரத்திலிருந்து பெறப்பட்டவை என்று விற்றவரிடமிருந்து எழுத்து மூலம் தெரிந்துகொண்ட பின்னரே அதைத் திறந்தோம். மார்கழியின் பிற்பகுதி அது. முகமும் புறங்கையும் செதில் செதிலாக உரியும் காலம். இடக்கன்னத்திலும் இடப் புறங்கையிலும் அச்சிமிழின் பூச்சை இட்டோம். வலப்புறத்தில், சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் பெட்ரோலியம் ஜெல்லியை மெல்லியதாகத் தடவினோம். காலைக் குளியலுக்குப் பின்னும் இரவு உறங்குமுன்னும், இருபத்தொரு நாள்கள்.

நான்காம் நாளுக்குள் இருபுறமும் உரிதல் நின்றது. பத்தாம் நாளில் அரிப்பும் நீங்கியது. இருபத்தொன்றாம் நாளில் எப்பக்கம் எது என்று வீட்டாரைக் கேட்டபோது, சிலர் இடம் என்றனர், சிலர் வலம் என்றனர். ஒரே இல்லத்தில் செய்த சோதனை அறிவியல் முடிவாகாது. இருப்பினும் மேலே கூறிய ஆய்வுகளோடு அது முரண்படவில்லை.

விலையுயர்ந்த பூச்சுக்குரிய சிறப்பை மறைப்பதும் உண்மைக்கு மாறாகும். அது தொட்டவுடன் தோலில் கரைந்தது. பிசுக்கு இல்லை; மினுமினுப்பு இல்லை; மெல்லிய மணம் ஒன்று இருந்தது. ஜெல்லியோ ஒட்டியது, தெருப்புழுதியையும் சேர்த்து ஒட்டவைத்தது. பிசுக்கை விரும்பாமல் மருந்தையே கைவிடுவோர்க்கு, தடவ இனிதாக உள்ள பூச்சு உண்மையிலேயே உதவக்கூடும்.

தோலில் நிகழ்ந்ததைக் காட்டிலும் மனத்தில் நிகழ்ந்ததே நம் சிந்தனையைத் தூண்டியது. இரண்டாம் வாரத்தில் மாலை விளக்கேற்றும் வேளையிலேயே அம்மணம் நினைவுக்கு வரலாயிற்று. சிமிழில் எவ்வளவு எஞ்சியுள்ளது என்று கண் அளந்தது. பிள்ளைகள் அதை எடுத்தால், சிந்திவிடுவார்களோ என்று மனம் பதைத்தது. ஜெல்லி டப்பாவைப் பற்றி ஒரு நாளும் அப்பதைப்பு எழவில்லை. தோலின் வறட்சி பத்து நாளில் தீர்ந்தது. அது தீர்ந்த பிறகும் அச்சிமிழின் மேலுள்ள விருப்பம் வளர்ந்துகொண்டே இருந்தது. மருந்து முடிந்து போகம் தொடங்கும் இடம் இதுவே என்று கருதுகின்றோம்.

மூர்ச்சையும் அளவும்

தத்துவார்த்த சூத்திரம் அருளிய உமாசுவாமி ஆசாரியர், பரிக்கிரகம் என்பது யாது என்னும் வினாவுக்கு மூர்ச்சை என்று விடை தந்தார். வழக்கில் மூர்ச்சை என்பது நினைவிழந்து மயங்கி வீழ்தல். பொருளின்பால் தன்னை மறந்து மயங்கிக் கிடத்தலை அச்சொல்லால் அவர் குறித்தார். பொருளின் அளவோ விலையோ பரிக்கிரகமன்று. அதன்மேல் கொண்ட மயக்கமே பரிக்கிரகம்.

இவ்விளக்கம் மிக ஆழமானது. அதனாலேயே எளிதில் தவறாகப் பயன்படுத்தப்படக்கூடியது. செல்வர் ஒருவர், எனக்கு இச்சிமிழின்மேல் பற்றில்லை, ஆகவே எத்தனை விலையாயினும் குற்றமில்லை என்று கூறலாம். ஏழை ஒருத்தி பத்து ரூபாய்ப் பொட்டலத்தின்மேல் உயிரையே வைத்திருப்பாள், அவளே பற்றுடையவள் என்றும் அவர் வாதிடலாம். நிச்சய நயத்தில் இதற்கு மறுமொழி கூறுவது கடினம். ஒருவர் உள்ளத்தை மற்றவர் எங்ஙனம் அளப்பது? தன் உள்ளத்தையே தான் அளப்பதும் எளிதன்றே. மூர்ச்சித்துக் கிடப்பவர் தாம் மூர்ச்சித்திருப்பதை அறியார்.

ஆகவேதான் ஆசாரியர்கள் உள்ளத்தின் சான்றை மட்டும் நம்பி நம்மை விட்டுவிடவில்லை. விவகார நயத்தில் கைக்குச் சிக்கும் ஓர் அளவையும் வகுத்துத் தந்தனர். சமந்தபத்திரரின் இரத்தினகரண்டக சிராவகாசாரமும், அதன் வழி வந்த தமிழ் நூலாகிய அருங்கலச்செப்பும் போகோபபோக பரிமாணத்தைக் குணவிரதங்களில் ஒன்றாக வைத்துள்ளன. ஒருமுறை துய்த்தவுடன் தீர்ந்துபோவது போகம். மீண்டும் மீண்டும் துய்க்கத்தக்கது உபபோகம். உணவும் பூச்சும் முன்னதைச் சாரும். ஆடையும் அணியும் பின்னதைச் சாரும். உணவு, ஊர்தி, படுக்கை, நீராடல், மலர், தாம்பூலம், ஆடை, அணிகலன் என்று சமந்தபத்திரர் அடுக்கும் பட்டியலில் மேனிப்பூச்சும் இடம்பெற்றுள்ளது. ஒரு பகல், ஓர் இரவு, ஒரு பக்கம், ஒரு திங்கள், ஒரு பருவம், ஓர் அயனம் என்று கால எல்லை வகுத்து இவற்றைக் கட்டுப்படுத்துமாறு அவர் பணிக்கிறார். எல்லாரும் எல்லாவற்றையும் விட்டுவிடுமாறு அவர் கூறவில்லை. எதை, எவ்வளவு, எதுவரை என்று தாமே முடிவு செய்துகொள்ளுமாறு கூறுகிறார்.

அவ்விரதத்திற்கு அவர் கூறும் ஐந்து அதிசாரங்களை முகப்பூச்சோடு பொருத்திப் பார்த்தால் நம் உள்ளம் நமக்கே புலனாகும். புலனின்பம் நஞ்சென்பதை மறந்து அதை மதித்துக்கொண்டிருத்தல் முதலாவது. முன்பு துய்த்ததை நினைந்து நினைந்து ஏங்குதல் இரண்டாவது. தீர்ந்துபோன சிமிழின் மணத்தைப் பேசிக்கொண்டிருப்பது அதுவே. துய்க்கும்போது அளவு மீறிய வேட்கை மூன்றாவது. வறட்சி தீர்ந்த பின்னும் இருமுறை, மும்முறை தடவுவது அது. இனி வரப்போவதன்மேல் பேராசை நான்காவது. புதிய சிமிழின் விளம்பரத்தைப் பார்த்தவுடன் கையில் உள்ளது சுவையிழப்பது அது. துய்ப்பிலேயே முழுதும் தோய்ந்துவிடுதல் ஐந்தாவது. இவ்வைந்தில் ஒன்றும் விலையைப் பற்றியதன்று என்பதை அன்பர்கள் கவனிக்க வேண்டும். எனினும் விலையும் மணமும் பெயரும் கூடக் கூட இவ்வைந்தும் நம்மிடம் நுழைய வாயில் அகலமாகிறது.

தேவைக்கு மேல் துய்ப்புப் பொருள்களைச் சேர்த்து வைப்பதைத் தத்துவார்த்த சூத்திரம் அனர்த்ததண்ட விரதத்தின் குற்றங்களில் ஒன்றாகக் கூறுகிறது. அதற்குச் சுவேதாம்பர உரைகளில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஒருவர் குளத்திற்கு நீராடச் செல்லும்போது மிகுதியான எண்ணெயும் நெல்லியும் எடுத்துச் சென்றால், அவற்றின்மேல் ஆசை கொண்டு பலரும் நீராட வந்துவிடுவர். அதனால் நீர்வாழ் உயிர்கள் மடியும். நம் குளியலறையின் அலமாரியில் வரிசையாக நிற்கும் சிமிழ்களும் அத்தகையவையே. ஒரு வீட்டில் பார்த்ததை மறுவீட்டார் விழைகின்றனர். நம் ஆசை நம்மோடு நிற்பதில்லை.

சனத்குமாரர் காட்டிய வழி

பன்னிரு சக்கரவர்த்திகளில் நான்காமவராகிய சனத்குமாரரின் வரலாற்றை அறியாதார் இலர். அவர்தம் பேரழகைக் காண இரு தேவர்கள் வந்தனர். எண்ணெய் பூசி நீராடவிருந்த வேளையில், ஒப்பனை ஏதுமின்றியே அவர் மேனி ஒளிர்வதைக் கண்டு வியந்தனர். பின்னர் அணிகலன்களோடு அவர் அரியணையில் வீற்றிருந்தபோது கண்டு, முன்பிருந்த அழகு இப்போது இல்லை என்று வருந்தினர். அவையோர் அதை நம்பவில்லை. தேவர்கள் நீர் நிறைந்த குடமொன்றை வரவழைத்து, துரும்பின் நுனியால் ஒரு துளியை எடுத்துவிட்டு, குறைந்ததா என்று வினவினர். குறையவில்லை என்றனர் அவையோர். குறைந்தது, உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை என்றனர் தேவர்கள். சக்கரவர்த்தி உணர்ந்தார், அரசைத் துறந்தார்.

துறவில் அவர் மேனியைக் கொடிய நோய்கள் பற்றின. மருத்துவர் வடிவில் தேவன் ஒருவன் வந்து, நோயைத் தீர்ப்பேன் என்றான். பிறவி நோயைத் தீர்க்க வல்லையோ என்று வினவினார் அம்முனிவர். அது என்னால் ஆகாது என்று பணிந்தான் தேவன்.

இவ்வரலாறு தோல் நோய்க்கு மருந்திட வேண்டா என்று இல்லறத்தாருக்குக் கூறவில்லை. எப்பூச்சாலும் நிறுத்த இயலாத ஒரு தேய்வு உண்டு என்பதையே அது காட்டுகிறது. துளித்துளியாக நீர் குறையும் குடமே நம் உடல். வெடிப்பைத் தணிக்கலாம், முதுமையைத் தணிக்க இயலாது. முதுமையை வெல்வதாக உறுதி கூறும் விளம்பரம், தோலுக்கு மருந்து விற்பதை விடுத்து, நம் அச்சத்தை விலைக்கு வாங்குகிறது.

நாம் செய்யத்தக்கவை

வறட்சியால் வருந்தும் முதியோரும் நோயாளரும் விரதத்தின் பெயரால் மருந்தை மறுத்துத் துன்புற வேண்டுவதில்லை. உயிர்வதை கலவாத எளிய பூச்சுகள் எங்கும் கிடைக்கின்றன. அவற்றை ஈரத் தோலில் நாள்தோறும் இடுவதே போதுமானது. புண்ணும் சீழும் உண்டாயின் மருத்துவரை நாட வேண்டும். புதிய பூச்சு எதை வாங்கினும் மேலுறையைப் படிப்பதும், மூலம் தெரியாதவற்றை வினவுவதும் நம் கடமை. நம்மவர் பலரும் வினவினால் விற்போரும் விடை கூறப் பழகுவர்.

பிள்ளைகள் அன்போடு கொண்டுவந்த சிமிழை முகத்தில் எறிவது போல் மறுப்பதும் ஹிம்சையே. மனத்தைப் புண்படுத்தி மேனியின் அறத்தைக் காக்க இயலாது. விரதத்திற்கு மாறில்லையெனில் ஏற்று, பகிர்ந்து பயன்படுத்தலாம். மாறாயின் இன்சொல்லால் காரணத்தை விளக்கலாம். அடுத்த முறை என்ன வேண்டும் என்பதையும் அப்போதே கூறிவிடலாம்.

நான்கு தானங்களில் ஔஷத தானமும் ஒன்று. பத்தாயிரம் ரூபாய்ச் சிமிழ் ஒன்றின் விலையில், பனிக்காலத்தில் கால் வெடித்து வருந்தும் நூறு முதியோர்க்கு நூறு சிறு டப்பா ஜெல்லி வாங்கித் தரலாம். வயலில் உழைத்தவரும், கல்லுடைத்தவரும், பாத்திரம் துலக்கிக் கை வெடித்தவரும் நம் ஊர்களில் உளர். அவர்களுடைய தோலும் நீரையே வேண்டி நிற்கிறது. ஒரு பருவத்திற்கு இத்தனை பூச்சுதான் என்று ஒவ்வோர் இல்லத்திலும் எல்லை வகுத்து, மிஞ்சுவதை அத்தானத்தில் சேர்க்கலாம். வரும் மார்கழிக்கு முன்பே இதனை நம் இல்லத்தாரோடு அமர்ந்து சிந்திப்போமாக.